கோணலாக வெட்டிய நீலத் துணி

போன வாரம் நான் போட்ட சத்தத்துக்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். சுவர் ஆணியில் தொங்கும் அந்த நீலக் கன்வஸ் துணியை உங்களில் ஒருவர் இறக்கி, மேசையில் விரித்து, அடிமட்டமும் கையுமாக நின்றதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ தெரியவில்லை. என் சத்தம் பதுளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தப் பிள்ளை கேட்டதில் தப்பே இல்லை. "பெரியக்கா, இதோட ஒரு ஓரத்த யாரோ கோணலா வெட்டிக் கெடுத்து வச்சிருக்காங்க. நேராக்கிட்டா நாலு பேக்குக்கு அடித்துணி எடுக்கலாம்" என்றுதான் சொன்னது. நியாயமான கணக்கு. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த ஓரத்தைக் கோணலாக வெட்டியவளே நான்தான். ஏன் வெட்டினேன் என்று இத்தனை வருஷமாக இந்தத் தையல் அறையில் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த மாதத்தோடு நான் வேலைக்கு வருவதில்லை. கண் ஒத்துழைக்கவில்லை, ஊசிக் காதில் நூல் கோர்க்க உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. நீங்கள் கேக் வெட்டி, டீ கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன். அதனால் எழுதுகிறேன். எழுதிப் பழகியவள் இல்லை நான். அளவுக் கொப்பியில் மார்பு, இடுப்பு, கை என்று எழுதியதோடு சரி. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் தொழில் பழகியது பெரகலச் சந்தியில், ஒரு மாஸ்டரின் கடையில். பஸ் மாறுவதற்காக இறங்குகிற சனம் எல்லாம் அந்தக் கடை வாசலில்தான் மழைக்கு ஒதுங்கும். சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன்னுடைய பழைய காற்சட்டையைக் கொடுத்து, "இதே அளவுல ஒன்னு தச்சிரும்மா" என்றார். நான் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. பழசைப் புதுத் துணியின் மேல் விரித்து, சுற்றிவரச் சோக்கால் கோடு போட்டு வெட்டினேன். அந்தக் காற்சட்டை வருஷக்கணக்காகச் சைக்கிள் மிதித்த காற்சட்டை. முழங்கால் இரண்டும் முன்னால் புடைத்திருந்தன. அந்தப் புடைப்பையும் சேர்த்தே வெட்டிவிட்டேன். புதுசைப் போட்டுக்கொண்டு வாத்தியார் சந்தியில் நின்றபோது, இப்போதுதான் உட்காரப் போகிறவர் மாதிரி இருந்தார். சந்தியே சிரித்தது. நல்ல மனுஷன், அவரும் சேர்ந்து சிரித்தார்.

மாஸ்டர் ஏசவில்லை. அந்தப் பழைய காற்சட்டையை வாங்கி, தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து நன்றாக அழுத்தினார். புடைப்பு காணாமல் போய்விட்டது. "பழந்துணி பொய் சொல்லும் புள்ள. மொதல்ல இஸ்திரி போட்டு நேராக்கு. அதுக்கப்பறம் அள" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் எனக்கு வேதம். ஜன்னல் திரையோ மெத்தை உறையோ த்ரீவீலர் சீட்டோ, மாதிரிக்கு என்று எந்தப் பழந்துணி வந்தாலும் முதலில் இஸ்திரி. மாஸ்டர் காலமாகி அந்தக் கடை என் கைக்கு வந்த பிறகும் அப்படித்தான். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அது சரியான பழக்கம்தான், இப்போதும் சொல்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது உங்களைக் காப்பாற்றும்.

மிச்சமிருக்கிற ஒரு தடவையைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஏழெட்டு வருஷம் இருக்கும். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு தையல் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரவிக்கைகள் கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன. வெளியே ஐப்பசி மழை. சந்தியில் பனி இறங்கி, எதிர்க் கடையின் விளக்கு மட்டும்தான் மங்கலாகத் தெரிந்தது.

மதியம் பன்னிரண்டு மணி போல ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் போட்டிருந்த பொலித்தீன் உறையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இன்னொரு உறையை நனையாமல் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பெயர் பரமேஸ்வரி. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள்.

"அக்கா, ஒரு அவசர வேல. மடக்குக் கதிரத் துணி கிழிஞ்சிருச்சு. அப்பா கீழ விழுந்துட்டாரு" என்றாள்.

"ஐயையோ. அடி கிடி பட்டுருச்சா?"

"பெருசா இல்லக்கா. ஆனா அவருக்கு அது இல்லாம முடியாது. பாய்ல படுக்க மாட்டாரு. ராவு பகலுன்னு அந்தக் கதிரதான். இன்னைக்கே தச்சிக் குடுத்தீங்கன்னா மூணு மணி வெல்லவாய பஸ்ஸுல போயிருவேன்."

சாய்வு நாற்காலி மாதிரியான அந்தக் கதிரையைக் கொண்டுவர முடியாது, மழை, பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள் என்று துணியை மட்டும் கழற்றி எடுத்து வந்திருந்தாள். விரித்துப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட அந்தக் காலத்துக் கன்வஸ். இரண்டு முனையிலும் கம்பு நுழைகிற மடிப்பு. மேல் மடிப்பு ஒட்ட ஒட்டக் கிழிந்திருந்தது. நடுவில் துணி தொய்ந்துபோய், பிள்ளையைக் கிடத்தி எடுத்த சேலைத் தொட்டில் மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளமும் நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தது. அந்தப் பக்கத்தில் உள்ளே இருந்து வேறொரு துணி வைத்து, கையாலேயே ஒட்டுத் தையல் போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

என் தலையில் அப்போது ஒரே ஒரு வார்த்தைதான் நின்றது. விழுந்துட்டாரு. ஒரு கிழவர் இன்னொரு தடவை என் தையலில் இருந்து விழக்கூடாது. அதனால் பலமான துணியாகப் பார்த்தேன். லொறிக்குப் போடுகிற நீலக் கன்வஸ் ஒரு துண்டு கடையில் இருந்தது.

"பச்சக் கோடு இல்லையாக்கா? அப்பாவுக்கு அது பழகிப்போச்சு" என்று கேட்டாள்.

"கோடு வேணுமா, கிழியாம இருக்கணுமா?"

அவள் சிரித்துவிட்டு, "கிழியாம இருக்கட்டும்" என்றாள். பிறகு, "அக்கா, அப்பா உக்கார்றது ஒரு மாதிரி. அவரு இடுப்பு..." என்று தொடங்கினாள்.

நான் விடவில்லை. ஒரு பக்கம் ரவிக்கைக்காரிகள் வாசலில் நிற்கிறார்கள், இன்னொரு பக்கம் மூன்று மணி பஸ். "எல்லாம் எனக்குத் தெரியும்மா. எத்தன கதிர தச்சிருக்கேன். நீ அந்த ஸ்டூல்ல உக்காந்து ஒரு டீயக் குடி" என்றேன். அவள் உட்கார்ந்துகொண்டாள். இடுப்பைப் பற்றிய பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

பழந்துணியில் தண்ணீர் தெளித்தேன். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். பள்ளம் லேசில் போகவில்லை. திரும்பவும் தண்ணீர் தெளித்து, ஒரு கையால் இழுத்துப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் பெட்டியின் மேல் கொடுத்துத் தேய்த்தேன். கடைசியில் பலகை மாதிரி நேராக வந்தது. அதை வைத்து அளந்தேன். புதுத் துணி ஆள் பாரத்தில் எப்படியும் இறங்கும், அதனால் நீளத்தில் மூன்று விரல் குறைத்து வெட்டினேன். நாலு மூலையும் சதுரம். மடிப்புகளுக்கு நைலோன் நூலில் மூன்று வரிசைத் தையல். இரண்டே முக்காலுக்கு முடித்துக் கையில் கொடுத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"இரும்பு மாதிரி இருக்குக்கா. இந்தத் தீவாளிக்கு எங்க வீட்டுல யாருக்கும் புதுசு எடுக்கல. அப்பாவோட கதிரைக்குத்தான் புதுத் துணி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பழந்துணி என்னிடமே தங்கிவிட்டது. அவளும் கேட்கவில்லை. கோடு அழகாக இருந்ததால், தூசி படாமல் மெஷினின் மேல் போர்த்தி வைத்தேன்.

தீபாவளி போனது. கார்த்திகை பிறந்தது. நான் அந்தக் கதிரையை மறந்தே போனேன். செய்த வேலையை மறப்பதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறை சொல்லி ஆள் வரவில்லை என்றால் வேலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை பரமேஸ் மறுபடியும் வந்தாள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. அதே ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்த நீலத் துணியை எடுத்தாள். துவைத்து, காயவைத்து, நாலாக மடித்திருந்தது.

"அப்பா போயிட்டாருக்கா. இன்னைக்குப் பதிமூனு நாளு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது புதுசாத்தான்கா இருக்கு. வீணாப் போக வேணாம், வேற யாருக்காச்சும் ஒதவும். அப்பா இதுல உக்காரவே இல்ல" என்றாள்.

"உக்காரலையா? ஏம்மா?"

அதற்குப் பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். முன்பே சொல்லியிருக்க வேண்டியதை, நான் சொல்லவிடாததை.

அவளுடைய அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி இறக்குகிற வேலை. ஒரு மழை நாளில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு உடைந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அவரால் நிமிர்ந்து படுக்கவும் முடியவில்லை, நேராக உட்காரவும் முடியவில்லை. தோட்டத்துத் துரை பங்களாவைக் காலி செய்தபோது வெளியே போட்ட சாமான்களில் அந்தப் பழைய மடக்குக் கதிரையும் ஒன்று. யாரோ அவர்கள் குடியிருந்த லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். அதில் இடப்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து பார்த்தார். வலி குறைந்தது. அவர் உட்கார உட்காரத் துணி அந்தப் பக்கம் இறங்கிக்கொடுத்தது. வருஷம் போகப் போக, உடைந்த இடுப்பு போய் அமர்வதற்கென்றே அளவெடுத்த மாதிரி அதில் ஒரு இடம் உண்டாகிவிட்டது. உள்ளே ஒட்டுத் தையல் போட்டு அந்த இடத்தைக் காப்பாற்றி வந்தவளும் பரமேஸ்தான்.

நான் தைத்துக் கொடுத்த துணி நேராக, விறைப்பாக இருந்தது. அது அவரை நிமிர்த்தி வைத்தது. இடப்பக்கம் சாய்ந்தால் வழுக்கி நடுவுக்கே கொண்டுவந்து விட்டது. ஒரு மணி நேரம்கூட அவரால் அதில் தாங்க முடியவில்லை.

"எங்கிட்ட சொல்லவே இல்லக்கா. எப்படிப்பா இருக்குன்னு கேட்டா, ரொம்ப நல்லா இருக்கு புள்ள, பலமா இருக்குன்னுதான் சொன்னாரு. நான் விடியக்காலம் பேரு பதிய பெரட்டுக்குப் போயிருவேன். திரும்பி வாறப்ப அப்பா வாசப்படியில கம்பளியப் போத்திக்கிட்டு, கதவு நெலயில சாஞ்சு உக்காந்திருப்பாரு. காத்து வாங்குறாருன்னு நெனச்சேன். ராவு நான் கண்ணசந்த பொறவு அவரு படுக்கிறதும் அங்கதான்னு எனக்குத் தெரியாதுக்கா. நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கதிரைக்கு வந்து உக்காந்துக்குவாராம். பக்கத்துக் காம்பராக்காரங்கதான் பொறவு சொன்னாங்க."

"ஏம்மா அவரு ஒங்கிட்ட சொல்லல?"

"பக்கத்துக் காம்பரா அண்ணன்கிட்ட சொன்னாராம். எம் புள்ள மழையில நனஞ்சுக்கிட்டு, வேலைய விட்டுட்டுப் போயி ஆசையா தச்சுக்கிட்டு வந்திருக்கா, அத நான் எப்படிக் கொற சொல்லுறதுன்னு."

மார்கழிக்கு முன்பே மலையில் குளிர் இறங்கிவிடும், உங்களுக்கே தெரியும். வாசற்படிக் குளிரில் சளி பிடித்தது. நெஞ்சில் இறங்கியது. அதிலேயே போய்விட்டார். துணியை நான் தைத்துக் கொடுத்ததிலிருந்து எண்ணினால் இருபத்திரண்டு நாள்.

என் தையல்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. பரமேஸும் சொல்லவில்லை. "வயசாயிருச்சுக்கா, எழுபத்தொம்பது" என்று எனக்கே அவள் சமாதானம் சொன்னாள். ஆனால் அந்த மனுஷன் கடைசி இருபத்திரண்டு நாள் உடம்பைச் சாய்க்க இடமில்லாமல் இருந்தாரே, அது என் தையல்தான். அதை வேறு யார் தலையிலும் என்னால் கட்ட முடியாது.

அவள் எழுந்திருக்கவில்லை. கேட்க ஏதோ இருக்கிறது, கேட்கத் தயங்குகிறாள் என்று தெரிந்தது.

"பழைய துணி இருக்காக்கா? வீசிட்டீங்களா?"

"எதுக்கும்மா?"

"பதினாறுக்குக் கருமாதி. படையல் போடணும். அப்பாவுக்குன்னு பாவிச்ச சாமான் ஒன்னும் பெருசா இல்ல. கதிரைய வச்சு, அந்தத் துணியப் போட்டு, அது மேல வேட்டியும் படமும் வைக்கலாம்னு நெனச்சேன். அப்பா உக்காந்த பள்ளம் அதுல இருக்குமில்ல."

தங்கச்சிமாரே, தம்பிமாரே, நெருக்கடி என்றால் அன்றைக்குத்தான் எனக்கு நெருக்கடி. தீபாவளி ரவிக்கைகள் எல்லாம் ஒரு நெருக்கடியா?

அந்தத் துணி எனக்கு ஒரு முழ தூரத்தில் மெஷின் மேல் கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மேலே பாதியை வேறு துணிகள் மூடியிருந்தன, மிச்சமும் பள்ளம் இல்லாமல் நேராகக் கிடந்ததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வீசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, நம்பிவிடுவாள். அதைவிடக் கேவலமாகவும் ஒன்று தோன்றியது. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு, துணியை நனைத்து, நாலு மூலையையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நடுவில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் விடிவதற்குள் பள்ளம் விழுந்துவிடும். கைத்தொழில்காரி இல்லையா, ஏமாற்றுவதற்கும் எனக்கு வழி தெரிந்திருந்தது. ஒரு நிமிஷம் அதையும் யோசித்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பிறகு எழுந்து அந்தத் துணியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"அந்தப் பள்ளம் இப்ப இல்லம்மா. அன்னைக்கே நான் இஸ்திரி போட்டு நேராக்கிட்டேன்."

அவள் துணியை விரித்தாள். எந்த இடம் என்று கை தேடியது. ஒட்டுத் தையலைக் கண்டுபிடித்து, அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்" என்றாள்.

"நீ சொல்ல வந்தியே. நாந்தான் ஒன்னயப் பேச விடல."

அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். கடையில் தைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண் சத்தமில்லாமல் வெளியே போய் நின்றுகொண்டாள்.

அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து, முதல் நாள் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "அப்பா எப்படி உக்காருவாரு? உக்காந்து காட்டு."

என் கடையில் முதுகு சாய்க்கப் பலகை வைத்த ஒரு மரப்பெட்டி கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்து, இடப்பக்கமாகச் சரிந்தாள். இடது தோள் கீழே, வலது முழங்கால் கொஞ்சம் மேலே. இடது கையைக் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே இருந்தாள். அந்த மனுஷனை நான் உயிரோடு பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாடாவை எடுத்து அவள் உடம்பில் வைத்தே அளந்தேன். இடப்பக்கம் நீளம், வலப்பக்கம் குறைவு. வித்தியாசம் ஆறு விரல். பழந்துணியின் மேல் மடிப்புத்தான் கிழிந்து போயிருந்ததே, அதற்குப் பதிலாகப் புது மடிப்பு ஒன்று வைக்க வேண்டும். அவள் கொண்டுவந்த நீலத் துணியை விரித்தேன். ஒரு முனையில் என்னுடைய மூன்று வரிசைத் தையலைப் பிரித்தேன். லேசில் பிரியவில்லை, அவ்வளவு பலமாகத் தைத்திருந்தேன். பிறகு அந்த முனையில் ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் ஒடுக்கமாக, கோணலாக ஒரு துண்டு வெட்டினேன். அந்தத் துண்டைப் பச்சைக் கோட்டுத் துணியின் தலைமாட்டில் வைத்துத் தைத்தேன். இடப்பக்கம் துணி நீண்டு தொங்கியது. ஒட்டுத் தையல் போட்டிருந்த இடம் சரியாக அந்தத் தொங்கலுக்குள் வந்து நின்றது.

அவசரம் இல்லை. பஸ்ஸும் இல்லை. ஒவ்வொரு தையலாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சரியாக நான் தைத்த கதிரைத் துணி அது ஒன்றுதான். உட்கார ஆள் இல்லை.

பதினாறாம் நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கொஸ்லந்தைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். கடைவீதியில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் ஒரு மணி நேர ஏற்றம். லயத்து வாசலில் நின்றபோது முதலில் அந்தப் படியைத்தான் பார்த்தேன். அவர் முதுகு சாய்ந்த கதவு நிலையில் ஒரு இடம் மட்டும் சுண்ணாம்பு போய் மினுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே சுவரோரம் கதிரையை விரித்து வைத்திருந்தார்கள். முன்னால் வாழையிலையில் சோறு, கோதுமை ரொட்டி, சம்பல், வெற்றிலை, ஒரு கோப்பை பிளேன் டீ. பரமேஸ் புது வேட்டியை மடித்துக் கதிரையின் நடுவில் வைத்தாள். அதன் மேல் அப்பாவின் படத்தைச் சாய்த்து நிறுத்தினாள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது அது. அதில் அவர் விறைப்பாக, நேராக இருந்தார்.

அவள் கையை எடுத்ததும் வேட்டியும் படமும் மெல்ல இடப்பக்கம் சரிந்தன. யாரோ பிடிக்கப் போனார்கள். "விடுங்க" என்றாள் பரமேஸ். படம் பள்ளத்துக்குள் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அங்கேயே நின்றது. அவர் உட்காருகிற விதம் அதுதான் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு பரமேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா வந்து உக்காந்துட்டாருக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு வருஷத்தில் பெரகலக் கடையையும் விட்டுவிட்டு, பதுளைக்கு, உங்களோடு வந்து சேர்ந்தேன். அந்த நீலத் துணியின் மிச்சத்தை மட்டும் கூடவே கொண்டுவந்து இந்த ஆணியில் மாட்டினேன்.

இப்போது வேலைக்கு ஆள் வந்தால் நீங்கள் போனில் படம் அனுப்பச் சொல்கிறீர்கள். நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஆள் இல்லாத கதிரைதான் இருக்கும். யார் உட்காருகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள் என்று வாயால் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடிகிற வரைக்கும் மெஷினை நிறுத்தி வையுங்கள். நம் ஆட்கள் திரும்பி வந்து குறை சொல்ல மாட்டார்கள். தோட்டத்தில் கொடுத்ததை வாங்கிப் பழகிய சனம். வலித்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். அவர்கள் வராமல் இருந்தால் வேலை சரி என்று என்னைப் போல நினைத்துவிடாதீர்கள். இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால், அந்தப் பழந்துணியை ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பாருங்கள்.

நான் போன பிறகு அந்த நீலத் துணியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். உழைக்கிற துணி, சும்மா தொங்குவதில் அர்த்தமில்லை. பைக்கு அடி வெட்டுங்கள், சீட்டுக்குப் போடுங்கள், உங்கள் விருப்பம். கோணலாக இருக்கிற அந்த ஓரத்தில் ஒரு சாண் மட்டும் விட்டுவிட்டு வெட்டுங்கள். அதைத் திரும்பவும் அதே ஆணியில் மாட்டிவிடுங்கள். அதை மட்டும் யாரும் நேராக்க வேண்டாம்.